மின்சாரம் திரும்பி வரும் வழி

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு இது: ரேடியோ அலையால் ஓட்டப்படும் ஆர்சி கார்களில் மோட்டாரையும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் எப்படி இணைப்பது? அந்தக் கருவியைக் கார் ஓட்டுகிறவர்கள் ஈஎஸ்சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மோட்டாரைப் பற்றிப் பேசக் கோவையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1937இல் ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. தெருவுக்குத் தெரு காயில் கட்டும் கடை இருக்கும் ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு மோட்டாரை வயரின் நிறத்தைப் பார்த்து இணைக்கக் கூடாது. மின்சாரம் போகும் வழியைப் பார்த்து இணைக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சிவப்பைச் சிவப்போடு சேர், கறுப்பைக் கறுப்போடு சேர். பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். பெரும்பாலும் வண்டி ஓடியும் விடும். ஆனால் நிறம் என்பது என்ன? தயாரிப்பாளர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். அதுவும் எல்லோருக்கும் பொதுவான வழக்கம் அல்ல. சிக்னல் வயர் ஒரு கம்பெனியில் வெள்ளை, இன்னொன்றில் மஞ்சள், மற்றொன்றில் ஆரஞ்சு. மூன்று வயர்களும் ஒரே கறுப்பாக வரும் மோட்டார்கள் இருக்கின்றன. அப்போது என்ன செய்வீர்கள்? நிறம் கைவிட்டுவிடும். வழி கைவிடாது.

ஆகவே ஒவ்வொரு வயரையும் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். மின்சாரம் எங்கிருந்து புறப்படுகிறது? எதன் வழியாகப் போகிறது? எந்த வழியாகத் திரும்பி வருகிறது? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்கிறவர்கள் குறைவு. கருகிப்போன ஈஎஸ்சிகளில் பல அந்த மூன்றாவது கேள்வி கேட்கப்படாமல் கருகியவை.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1898ஆம் ஆண்டு. நியூயார்க் நகரம். மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் மின்சாரக் கண்காட்சி. நிக்கோலா டெஸ்லா ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, வயர் எதுவும் தொடாமல் அதைத் திருப்பினார், ஓட்டினார், நிறுத்தினார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி 6,13,809 என்ற எண்ணில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அந்தப் படகுக்குள் என்ன இருந்தது? பேட்டரி இருந்தது. மோட்டார் இருந்தது. ரேடியோ அலை வந்து தொட்டால் விழித்துக்கொள்ளும் ரிசீவர் என்னும் ஏற்பி ஒன்று இருந்தது. ஏற்பியில் ஓடும் மின்சாரம் மிக மெல்லியது. மோட்டாரை அதனால் சுற்ற முடியாது. அது ஒரு ரிலேயைத் தட்டிவிடும். ரிலே பெரிய மின்சுற்றைத் திறக்கும், மூடும். மெல்லிய மின்சாரம் கட்டளை இடுகிறது, பெரிய மின்சாரம் வேலை செய்கிறது. நம் ஆர்சி காரின் அமைப்பு முழுவதும் அன்றே அந்தப் படகுக்குள் வந்துவிட்டது.

அடுத்து 1976. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், வாங்கியவரே பூட்டி ஓட்டும் ரேடியோ காராக வெளியிட்டது. 1984இல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்ற மணல்வெளி வண்டிகள் வந்தன. உலகம் முழுவதும் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் கையால் மோட்டாருக்கு வயர் இணைக்கக் கற்றது இந்த வண்டிகளில்தான். அன்றைக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தியது எது தெரியுமா? சர்வோ என்ற சிறு இயந்திரம் அசைக்கும் ஒரு செப்புக் கை. அந்தக் கை தகடுகளின் மேல் நகரும். முதல் தகட்டில் நின்றால், மின்சாரம் முழுவதும் பீங்கானில் அடைத்த ஒரு மின்தடையைக் கடந்துதான் மோட்டாருக்குப் போக வேண்டும். வண்டி மெதுவாகப் போகும். கடைசித் தகட்டுக்குப் போனால் மின்தடை விலகிவிடும். வண்டி பாயும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி 7.2 வோல்ட். மோட்டாருக்குப் பாதி, அதாவது 3.6 வோல்ட் போதும். மீதி 3.6 வோல்ட்டை மின்தடை தின்கிறது. ஓடுவது 10 ஆம்பியர் என்றால் 36 வாட் வெறும் சூடாகப் போகிறது. வண்டி எவ்வளவு மெதுவாகப் போகிறதோ, அவ்வளவு வீணாகிறது! அதனால்தான் அந்த மின்தடையைக் காற்றுப் படும் இடத்தில் பூட்டச் சொன்னார்கள். தொட்டால் விரல் வெந்துவிடும்.

இந்த வீணடிப்பை ஒழித்தது மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முகமது அடாலாவும் டாவோன் காங்கும் உருவாக்கியது. பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் வகைகள் 1970களின் இறுதியில் கடைக்கு வந்தன. அவை வந்த பிறகு இன்றைய ஈஎஸ்சி பிறந்தது. ஈஎஸ்சி மின்சாரத்தைக் குறைப்பதில்லை. வெட்டி வெட்டி அனுப்புகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும். திறந்திருக்கும் நேரமும் மூடியிருக்கும் நேரமும் சமமானால் பாதி வேகம். காயில் இந்தத் துண்டுகளைச் சமன்செய்து சீரான ஓட்டமாக்கிக்கொள்ளும். வழியில் இரண்டு மாஸ்ஃபெட், ஒவ்வொன்றும் ஓம் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை என்று வைத்துக்கொண்டால், அதே 10 ஆம்பியருக்கு வீணாவது 0.2 வாட். திறந்து மூடும்போது இன்னும் கொஞ்சம் போகும். எங்கே 36, எங்கே 0.2! இந்த வித்தியாசத்தின் மேல்தான் இன்றைய மின்வாகனங்கள் எல்லாம் ஓடுகின்றன. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகிற மின் ஸ்கூட்டர்களுக்குள்ளும் பேட்டரி, மாஸ்ஃபெட் வரிசை, மோட்டார் என்ற இதே அமைப்புதான்.

இனி வயரைக் கையில் எடுப்போம்.

முதல் வழி, பேட்டரியிலிருந்து ஈஎஸ்சிக்கு. இரண்டு தடித்த வயர்கள். பெரிய கார்களில் இது 12 கேஜ், அதாவது சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர் செம்பு. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்குக்கு இழுக்கும் வயர் பெரும்பாலும் 2.5 சதுர மில்லிமீட்டர். முழங்கை நீளக் காருக்கு வீட்டு வயரைவிடத் தடித்த வயரா? ஆம், வேண்டும். ஏன்? பேட்டரி 7.4 வோல்ட்தான். அதிலிருந்து அரைக் குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 370 வாட் எடுக்க வேண்டும் என்றால் 50 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டின் 230 வோல்ட்டில் அதே 370 வாட்டுக்கு 2 ஆம்பியர்கூட வேண்டியதில்லை. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும்.

அதனால்தான் ஒரு சால்டரிங் இணைப்பு இங்கே அவ்வளவு முக்கியம். தம்பிகளே, இந்தக் கணக்கைக் கவனமாகக் கேளுங்கள். மோசமாகப் பற்றவைத்த ஓர் இணைப்பின் தடை ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். மல்டிமீட்டரில் வைத்தால் பூஜ்யம் போலத்தான் காட்டும். அதன் வழியாக 50 ஆம்பியர் ஓடினால் எவ்வளவு சூடு? ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் 2500. அதில் நூறில் ஒரு பங்கு, 25 வாட். கடையில் மாணவர்கள் வாங்கும் சிறிய சால்டரிங் அயர்ன் எத்தனை வாட்? அதுவும் 25 வாட்தான்! நீங்கள் பற்றவைத்த இணைப்பே ஒரு சால்டரிங் அயர்னாக மாறி, வைத்த ஈயத்தைத் தானே உருக்கிக்கொண்டு கழன்று விழும். இதற்கு என்ன வழி? 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன் எடுங்கள். தடித்த செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே போகும். சின்ன அயர்ன் அதோடு போட்டிபோட முடியாது. முதலில் வயர் நுனியிலும் கனெக்டர் குழியிலும் தனித்தனியாக பிளக்ஸ் தடவி ஈயம் ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஈயம் தானாகப் பரவி, ஆறியதும் பளபளப்பாக நின்றால் சரி. உருண்டு திரண்டு மங்கலாக நின்றால் அது ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. உருக்கி மறுபடி செய்யுங்கள்.

பேட்டரிப் பக்கம் வேலை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் தொடுங்கள். பழைய கனெக்டரை வெட்ட இரண்டு வயரையும் சேர்த்து ஒரே கட்டரில் வைத்து அழுத்துகிறார்கள். கட்டரின் வாய் இரும்பு. அது இரண்டு முனையையும் சேர்த்துவிடும். நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டக்கூடிய லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர், பேட்டரி அந்த இடத்தில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனை மாற்றி இணைத்தால் என்ன ஆகும்? பேட்டரியின் பிளஸை ஈஎஸ்சியின் மைனஸில் கொடுத்தால்? பல பிள்ளைகள் நினைக்கிறார்கள், மோட்டார் திரும்பிச் சுற்றும் என்று. இல்லை! ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் பிறவியிலேயே ஒரு டயோடு அமைந்திருக்கிறது. சரியான முனையில் அது மூடியிருக்கும். முனை மாறினால் திறந்துகொள்ளும். மின்சாரம் மோட்டார் பக்கமே போகாமல், இரண்டு டயோடுகளின் வழியாக நேராகத் திரும்பிப் பேட்டரிக்கே போகும். நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. ஈஎஸ்சி ஒரு நொடிகூடத் தாங்காது. மூன்றாவது கேள்வியைக் கேட்டிருந்தால் இது நடக்குமா?

இதே வழியில் இன்னொரு செய்தி. ஈஎஸ்சியில் சின்ன சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைத்தால் பேட்டரி துண்டிக்கப்பட்டதாக நினைக்கிறோம். அந்த நூல் போன்ற வயரைப் பாருங்கள். 50 ஆம்பியர் அதன் வழியாக ஓடுமா? ஓடாது. அது ஈஎஸ்சியின் மூளையை மட்டும் தூங்க வைக்கும் சுவிட்ச். தடித்த வயர்கள் இணைந்தேதான் இருக்கின்றன. கனெக்டரைச் செருகும்போது, சுவிட்ச் அணைந்திருந்தும் ஒரு பொறி தெறிக்கிறது அல்லவா? ஈஎஸ்சியின் மின்தேக்கிகள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வரும் பொறி அது. ஆகவே ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி எடுங்கள். சுவிட்சை நம்பிச் செருகியே வைத்தால் துளித்துளியாகக் கசிந்து, சில நாளில் லைப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கிய செல்லை மறுபடி சார்ஜ் செய்வது ஆபத்து.

வயர் நீளம் போதவில்லை என்றால் எதை நீட்டுவது? பேட்டரிப் பக்கத்தை நீட்டாதீர்கள். மோட்டார் பக்கத்தை நீட்டுங்கள். ஈஎஸ்சி மின்சாரத்தை வெட்டுகிறது என்றேன். ஒவ்வொரு வெட்டிலும், நீண்ட வயரில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுத்து, வோல்ட்டேஜாக எகிறும். அதைத் தாங்குவது ஈஎஸ்சியின் வாசலில் நிற்கும் அந்த மின்தேக்கிகள். பேட்டரி வயர் நீள நீள அவற்றின் பாடு கூடும். ஒரு கட்டத்தில் வெடித்துவிடும்.

இப்போது இரண்டாவது வழி. ஈஎஸ்சியிலிருந்து மோட்டாருக்கு. இந்த ஊருக்கு நன்றாகப் புரியும் பகுதி இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

பழைய வகை பிரஷ் மோட்டாரை முதலில் எடுப்போம். 540 என்று பெயர், சுமார் 36 மில்லிமீட்டர் விட்டம். நடுவில் காயில் சுற்றிய ஆர்மேச்சர், சுற்றிலும் காந்தம், மின்சாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ். கிட்டோடு வரும் வெள்ளி நிற மோட்டாரில் பெரும்பாலும் ஒரு பல்லுக்கு 27 சுற்று இருக்கும். சுற்று குறைந்தால் என்ன ஆகும் என்று காயில் கட்டுகிறவரிடம் கேளுங்கள். கம்பி தடிக்கும், தடை குறையும், ஆம்பியர் கூடும், வேகம் கூடும். ஆகவே ஈஎஸ்சியின் பெட்டியில் இத்தனை சுற்றுக்குக் குறையாத மோட்டார் என்று போட்டிருந்தால், அது அழகுக்குப் போட்டது அல்ல. வண்டி சுவரில் முட்டி சக்கரம் நின்றுவிட்ட நொடியை நினைத்துப் பாருங்கள். சுற்றாத மோட்டார் என்பது வெறும் செம்புக் கம்பி. பேட்டரியிலிருந்து பல பத்து ஆம்பியர் கேட்கும். அந்த நொடியை ஈஎஸ்சி தாங்க வேண்டும்.

இந்த மோட்டாருக்கு இரண்டே வயர். மாற்றிக் கொடுத்தால் திரும்பிச் சுற்றும். சக்கரம் பின்பக்கம் ஓடினால் மோட்டாரின் இரண்டு வயரை மாற்றுங்கள். ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? வயரைத் தொடாமல் ரிமோட்டில் உள்ள திருப்பு சுவிட்சைத் தட்டிவிடுகிறார்கள். வண்டி முன்னால் போகிறது. பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். தீரவில்லை! ஈஎஸ்சியின் கணக்கில் இப்போது வண்டி பின்னால் போகிறது. பின்னோக்கி ஓட்டத்துக்குப் பல ஈஎஸ்சிகள் முழு வலுவைக் கொடுப்பதில்லை. பிரேக்கும் தப்பான பக்கத்துக்குப் போய்விடும். வண்டி சோம்பலாக ஓடுகிறது என்று சொல்லி மோட்டாரை மாற்றுவார்கள், பேட்டரியை மாற்றுவார்கள். கோளாறு ஒரு சுவிட்சில் இருக்கும்.

பிரஷ் மோட்டாரின் உடம்பில் மூன்று சின்ன மின்தேக்கிகள் பற்றவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 104 என்று எழுதியிருக்கும், 0.1 மைக்ரோஃபாரட். ஒன்று இரண்டு முனைகளுக்கும் நடுவே. மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கு. இவை எதற்கு? ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் ரேடியோ அலையை எதைக்கொண்டு உண்டாக்கினார்? மின்பொறியைக்கொண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890களில் எட்ட இருந்த மணியை வயரில்லாமல் எதைக்கொண்டு ஒலிக்கச் செய்தார்? அதே மின்பொறியைக்கொண்டு. உங்கள் மோட்டாரின் பிரஷும் நொடிக்குப் பல நூறு பொறி விடுகிறது. அப்படியென்றால் உங்கள் மோட்டாரே ஒரு ரேடியோ நிலையம்! ரிசீவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அது இரைகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் காலத்தில் இந்த இரைச்சலால் வண்டிகள் வெறிபிடித்தது போல ஓடின. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் எளிதில் ஏமாறுவதில்லை. இருந்தாலும் மின்தேக்கிகளை வையுங்கள். இரைச்சலும் மின்சாரம்தான், அதற்கும் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். பக்கத்திலேயே குறுக்கு வழி கொடுத்துவிட்டால் வயர் நெடுகப் போய் ஊரைச் சுற்றாது.

பழைய மோட்டார்களில் ஷாட்கி டயோடு ஒன்றும் சேர்ந்து இருக்கலாம். முன்னோக்கி மட்டும் ஓட்டும் ஈஎஸ்சிக்கு அது நல்ல துணை. பின்னோக்கியும் ஓட்டும் ஈஎஸ்சியோடு அந்த மோட்டாரை இணைத்தால், பின்னோக்கி அழுத்திய அந்த நொடியில் டயோடு திறந்துகொண்டு முழுக் குறுக்குச் சுற்றாகிவிடும். கழற்றிவிட்டு இணையுங்கள்.

இனி பிரஷ்லெஸ் மோட்டார். இதில் காயில் அசையாது, காந்தம் சுற்றும். பிரஷ் இல்லை, பொறி இல்லை, பிரஷ் தேயும் கவலை இல்லை. ஆனால் வயர் மூன்று. ஏன் மூன்று? தோட்டத்துக் கிணற்றடியில் மோட்டார் ஓட்டுகிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். புது மோட்டார் இறக்கிப் போட்டதும் தலைகீழாகச் சுற்றினால், எலக்ட்ரீஷியன் அண்ணன் என்ன சொல்வார்? “ரெண்டு பேஸை மாத்திப் போடுங்க” என்பார். மூன்றில் எந்த இரண்டு என்று நீங்கள் கேட்பதில்லை. எந்த இரண்டை மாற்றினாலும் திரும்பிச் சுற்றும் என்று உங்களுக்குத் தெரியும். அதே மூன்று பேஸ்தான் இந்தச் சின்ன மோட்டாரிலும் இருக்கிறது. மின்வாரியம் அனுப்பும் மூன்று பேஸ் நொடிக்கு 50 முறை அலைகிறது. இங்கே ஈஎஸ்சியே பேட்டரியின் நேர்மின்சாரத்திலிருந்து மூன்று பேஸைச் செய்து, வேண்டிய வேகத்தில் சுற்றவிடுகிறது. ஆகவே சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று வயரையும் எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதேனும் இரண்டை மாற்றிக்கொள்ளலாம். இங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. கிணற்றடியில் நிற்கும் விவசாயிக்குத் தெரிந்த உண்மை, காரைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டாமா?

இங்கும் திரும்பும் வழியைக் கேளுங்கள். மூன்று வயரும் போகிற வயரா? திரும்பி வரும் வயர் எங்கே? ஒரு நொடித்துளியில் முதல் வயரில் போய் இரண்டாவதில் திரும்புகிறது. அடுத்த நொடித்துளியில் முதலில் போய் மூன்றாவதில் திரும்புகிறது. பிறகு இரண்டாவதில் போய் மூன்றாவதில். இப்படி ஆறு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு வயர் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறதா? இல்லை! சுற்றும் காந்தம் அந்தச் சும்மா இருக்கும் காயிலில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஈஎஸ்சி அதை அளந்து, காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று கண்டுகொள்கிறது. கண் இல்லாமலே பார்க்கிறது. என்ன அருமையான ஏற்பாடு!

ஆனால் காந்தம் நின்றிருந்தால்? மின்னழுத்தம் பிறக்காது. ஈஎஸ்சிக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் சென்சார் இல்லாத வண்டிகள் கிளம்பும்போது ஒருமுறை வெட்டிவெட்டித் துள்ளுகின்றன. பாறை ஏறும் வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் அது ஒத்துவராது. அவற்றுக்குச் சென்சார் வைத்த மோட்டார் உண்டு. உள்ளே மூன்று ஹால் சென்சார்கள். எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 1879இல் கண்டறிந்த விளைவைக்கொண்டு இயங்குபவை அவை. காந்தம் எங்கே நிற்கிறது என்பதை அவை நின்ற நிலையிலேயே சொல்லிவிடும். அந்தச் செய்தி ஆறு நூல் வயர்கள் கொண்ட தனி கேபிளில் வருகிறது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். சென்சார் மோட்டாரில் ஏ, பி, சி என்று முனைகளுக்குப் பெயர் போட்டிருக்கும். ஈஎஸ்சியிலும் போட்டிருக்கும். ஏயை ஏயோடு, பியை பியோடு, சியை சியோடு மட்டும் இணைக்க வேண்டும். இங்கே கிணற்றடிப் பழக்கம் உதவாது! பேஸை மாற்றினால் சென்சார் ஒரு இடத்தைச் சொல்லும், மின்சாரம் வேறு இடத்துக்குப் போகும். மோட்டார் சுற்றாமல் அதிரும். பெரிய மின்னோட்டம் ஓடும். ஈஎஸ்சியோ மோட்டாரோ வெந்துவிடும். திரும்பிச் சுற்ற வேண்டுமா? ஈஎஸ்சியின் அமைப்பில் சொல்லுங்கள், வயரைத் தொடாதீர்கள்.

பிரஷ்லெஸ் மோட்டாரின் மேல் கேவி என்று ஓர் எண் இருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அது. 3000 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 22,200 சுற்று. மூன்று செல் பேட்டரியின் 11.1 வோல்ட் கொடுத்தால் 33,300. செல்லைக் கூட்டும் முன் மோட்டாரும் ஈஎஸ்சியும் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

மூன்றாவது வழி, ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு. மூன்று மெல்லிய வயர்கள். நடுவில் இருப்பது பிளஸ், ஓரத்தில் ஒன்று மைனஸ், மற்றொன்று சிக்னல். சிக்னல் என்பது நொடிக்கு ஐம்பது முறை போல வரும் சிறு துடிப்பு. அதன் நீளம் நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு என்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு பங்குக்கு நீண்டால் ஒரு பக்கம் முழு வேகம். ஒரு பங்குக்குச் சுருங்கினால் மறுபக்கம்.

ரிசீவருக்கும் ஸ்டீயரிங் சர்வோவுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தனி பேட்டரி இல்லையே! ஈஎஸ்சிக்குள் பிஇசி என்ற பகுதி பேட்டரியின் வோல்ட்டை 5 அல்லது 6 ஆகக் குறைத்து, நடுவிலுள்ள அந்தச் சிவப்பு வயரில் அனுப்புகிறது. சிலர் பெரிய சர்வோவுக்காக ரிசீவருக்குத் தனி பேட்டரி வைப்பார்கள். அப்போது ஈஎஸ்சியிலிருந்து வரும் சிவப்பு வயரின் ஊசியைக் கழற்றி மடித்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மின்மூலங்கள் ஒன்றோடொன்று மோதும். அதோடு மைனஸான கறுப்பையும் கழற்றிவிடலாமா? கூடாது! சிக்னல் போக ஒரு வயர் போதும் என்று நினைக்கலாம். சிக்னலும் மின்சாரம்தான். போனது திரும்ப வேண்டும். கறுப்பு வயர்தான் அது திரும்பும் வழி. அதை எடுத்துவிட்டால் ஈஎஸ்சிக்குத் துடிப்பே புரியாது. வண்டி அசையாமல் கிடக்கும், அல்லது தன் போக்கில் பாயும்.

எல்லாம் இணைத்தாயிற்று. சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஒரு மரக்கட்டை மேல் வண்டியை வையுங்கள். முதலில் ரிமோட்டைப் போடுங்கள், பிறகு ஈஎஸ்சி. அணைக்கும்போது ஈஎஸ்சி முதலில், ரிமோட் கடைசியில். ரிமோட் இல்லாத நேரத்தில் ஈஎஸ்சி விழித்திருக்கக் கூடாது. பிறகு நடுநிலை, முழு வேகம், முழு பிரேக் மூன்றையும் ஈஎஸ்சிக்குக் கற்றுக்கொடுங்கள். அந்த முறை பெட்டியிலேயே இருக்கும். பேட்டரி வகை லைப்போ என்று அமைத்திருக்கிறதா பாருங்கள். சில ஈஎஸ்சிகளில், பலர் வாங்கும் ஹாபிவிங் 1060இலும், இது ஒரு சின்ன ஜம்பரில் இருக்கிறது. அது நிக்கல் பேட்டரிக்கு வைத்தபடியே இருந்தால், லைப்போவை எந்த இடத்தில் நிறுத்திக் காப்பாற்ற வேண்டும் என்று ஈஎஸ்சிக்குத் தெரியாது.

ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு தொடுங்கள். மோட்டார் மட்டும் கொதிக்கிறதா? மோட்டார் அச்சிலுள்ள பினியன் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு பல் குறைந்ததைப் போடுங்கள். கியர் அதற்குப் பாரமாக இருக்கிறது. சாதாரணத் தர நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரி செல்சியஸ்தான் வரம்பு. அதைத் தாண்டி இழந்த காந்த வலு ஆறிய பிறகும் திரும்பாது. நம் சித்திரை வெயிலில் தார் ரோட்டிலேயே பாதிச் சூடு ஏறிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈஎஸ்சி மட்டும் கொதிக்கிறதா? மோட்டார் அதன் வலுவுக்கு மீறியது. இரண்டும் மிதமாக இருந்து, ஒரு கனெக்டர் மட்டும் சுடுகிறதா? அந்த இணைப்பை மறுபடி பற்றவையுங்கள்.

மண்டபத்தின் பின்பக்க மேசையில் இரண்டு வண்டிகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். 60 வாட் அயர்ன் இரண்டு, ஈயம், பிளக்ஸ், மல்டிமீட்டர் எல்லாம் இருக்கின்றன. காயில் கட்டும் அண்ணன்கள் இருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். வயரை எடுத்ததும் முதல் வேலையாக, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை அதில் கோத்துத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டரைப் பற்றவைத்த பிறகு அதைக் கோக்க இடமிருக்காது.